ஊழும் தெரிவும்: லெனாட் வூல்ஃபின் நாவல் உணர்த்தும் உண்மை

மனிதன் தன் வாழ்வைத் தானே ஆக்கிக்கொள்கின்றானா, அன்றி முன்னரே வகுக்கப்பட்ட வழியில் நடந்து முடிகின்றானா என்னும் வினா தமிழர்க்குப் புதியதன்று. திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் ஒரே நூலில் வைத்த அப்பெருந்தகை, ஒன்று இருப்பதனால் மற்றையது இல்லையாகிவிடும் என்று எண்ணினார் அல்லர். இளங்கோவடிகள் ஊழ்வினையின் ஆட்சியைத் தம் காப்பியத்தின் மூன்று உண்மைகளுள் ஒன்றாகக் கொண்டார். ஆயினும், பாண்டியன் ஆராயாது தீர்ப்பளித்தான் என்பதையும் அவர் மறைத்தாரில்லை. ஊழ் தன் வேலையைச் செய்தது. அரசனும் தன் பிழையைச் செய்தான்.

அந்நியர் ஆட்சிக்கு உட்பட்ட ஒரு நாட்டில் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. சட்டம் அறியாத மொழியில் எழுதப்பட்டிருக்க, நிலம் அரசுக்குரியதாகிவிட, நீதி தொலைவில் உள்ள கச்சேரியில் வழங்கப்பட, ஓர் ஏழைக் குடியானவன் எதனைத் தெரிவு செய்யக் கூடும்? தெரிவு செய்தாலும் அதனால் அவன் கதி மாறுமா? இதனை ஆராய்வதற்கு எமது நாட்டையே களமாகக் கொண்டு எழுந்த நாவல் ஒன்று உண்டு. 1913 ஆம் ஆண்டில் லெனாட் வூல்ஃப் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தி வில்லேஜ் இன் த ஜங்கிள்’ என்பதே அது. ‘காட்டினுள் ஒரு கிராமம்’ எனத் தமிழில் அதனைச் சொல்லலாம்.

ஆசிரியரும் எமது பகுதியும்

வூல்ஃப் கேம்பிரிட்ஜில் கல்வி கற்று, இலங்கைக் குடியியற் சேவையிற் சேர்ந்து, 1904 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் கொழும்பில் வந்திறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது 24. அவருக்குக் கிடைத்த முதல் நியமனம் யாழ்ப்பாணக் கச்சேரியிலாகும். வடக்குப் புகையிரதப் பாதை அக்காலத்தில் முழுமை பெற்றிருக்கவில்லை. ஆகவே 1905 தை மாதத்தில் அவர் அநுராதபுரத்திலிருந்து மாடு பூட்டிய தபால் வண்டியில் ஆனையிறவு வரை வந்து, அங்கிருந்து புகையிரதம் ஏறி யாழ்ப்பாணம் சேர்ந்தார். பளை, கொடிகாமம், சாவகச்சேரி என்று எமது தென்மராட்சியை ஊடறுத்துச் செல்லும் பாதையே அவர் முதன்முதலிற் கண்ட யாழ்ப்பாணம் என்பது எம்மவர்க்குச் சுவையான செய்தியாகும்.

அவர் தமிழ் கற்றார். 1906 இல் மரிச்சுக்கட்டியில் நிகழ்ந்த முத்துக்குளிப்பில் கடமை புரிந்தார். யாழ்ப்பாணத்திலேயே வழக்கறிஞர் ஒருவரைச் சவுக்கால் அடித்தார் என்று அவர்மீது முறைப்பாடும் எழுந்தது. குதிரைமேல் இருந்தவாறு சவுக்கை நீட்டி எதனையோ சுட்டிக்காட்டியதன்றித் தாம் யாரையும் அடிக்கவில்லை என்றே அவர் கூறினார். ஆயினும் பிறரை ஆளும் தொழில் தமக்குத் தகுந்ததோ என்னும் ஐயம் தம் உள்ளத்தில் முளைத்ததை அந்நிகழ்ச்சியோடு தொடர்புபடுத்தி, 1961 இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதினார்.

பின்னர் கண்டியிலும், 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகவும் அவர் பணியாற்றினார். வரி தண்டுவதும் அவரே, சேனைக்கு அனுமதி வழங்குவதும் அவரே, வழக்குக் கேட்பதும் அவரே. அவர் இரக்கமற்றவர் அல்லர். ஆனால் கண்டிப்பானவர் என்பதை அவர் அக்காலத்தில் எழுதிய உத்தியோக நாட்குறிப்புகள் காட்டுகின்றன. விடுமுறையில் இங்கிலாந்து சென்று, 1912 இல் பதவியைத் துறந்து, மறு ஆண்டில் இந்நாவலை வெளியிட்டார். ஆண்டவர் ஒருவர் ஆளப்பட்டோரின் உள்ளத்துள் புகுந்து எழுதிய நூல் என்பதே இதன் தனிச் சிறப்பு. இதனைப் பிற்காலத்தில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் சிங்களத் திரைப்படமாக்கியபோது, விஞ்ஞானக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஆதர் சி. கிளாக் வூல்ஃபின் வேடத்தில் தோன்றினார்.

கதையின் போக்கு

தென்னிலங்கைக் காட்டினுள் பெத்தகம என்னும் சிற்றூர். அங்கே சிலிந்து என்னும் வேட்டைக்காரன் வாழ்கின்றான். ஊரார் அவனைச் சற்றே பித்தன் என்பர். அவனுக்குப் புஞ்சி மெனிக்கா, ஹின்னிஹாமி என இரட்டைப் பெண்கள். ஊர்த் தலைமைக்காரனாகிய பாபேஹாமியின் மைத்துனன் பாபுன், புஞ்சி மெனிக்காவை விரும்பி, அக்காளும் அத்தானும் தடுப்பவும் கேளாது அவளோடு வாழத் தொடங்குகின்றான். தலைமைக்காரனின் பகை அன்றே வேரூன்றுகின்றது.

ஊர் வைத்தியனும் மந்திரவாதியுமாகிய புஞ்சிறாளை, ஹின்னிஹாமியைக் கேட்கின்றான். தந்தை மறுக்கின்றான். அதன்பின் சிலிந்து நோயுற்று மெலிகின்றான். பேய் பிடித்ததென்று அவனும் நம்புகின்றான், பிறரும் நம்புகின்றனர். குடும்பம் பெரகம என்னும் தலத்துக்கு யாத்திரை செல்கின்றது. கதிர்காமத்தையே ஆசிரியர் இப்பெயரால் வரைந்துள்ளார் என்பது யாத்திரைப் பாதையை அறிந்த எம்மவர்க்கு உடனே விளங்கும். அங்கும் விடுதலை கிட்டவில்லை. பெண் போனாலன்றித் தந்தை பிழைக்கமாட்டான் என்றாகிவிட, ஹின்னிஹாமி தானாகவே புஞ்சிறாளையின் வீடு செல்கின்றாள். தந்தை உயிர் பிழைத்தபின் அவனை விட்டுத் திரும்பி, ஒரு பெண்குழந்தையை ஈன்று, தந்தை காட்டிலிருந்து கொண்டுவந்த மான்கன்றுக்கும் சேர்த்துப் பாலூட்டுகின்றாள். குழந்தை இறக்கின்றது, மான் பிழைக்கின்றது. ஊரில் நேர்ந்த கேடுகளுக்கெல்லாம் அம்மானே காரணம் என்று ஊரார் அதனைக் கல்லெறிந்து கொல்ல, அவளும் அத்துயரிலேயே மடிகின்றாள்.

பின்னர், கடன் கொடுப்போனாகிய பெர்னாந்து ஊருக்கு வருகின்றான். புஞ்சி மெனிக்காமீது கண் வைக்கின்றான். அவளும் பாபுனும் இணங்கவில்லை. தலைமைக்காரனும் பெர்னாந்தும் கூடிப் பொய்க் களவு வழக்கு ஒன்றைப் புனைகின்றனர். சிலிந்து விடுவிக்கப்படுகின்றான்; பாபுனுக்கு ஆறு மாதக் கடூழியச் சிறை. தன்னைத் துரத்துவோர் யார் என்பதை அன்றுதான் சிலிந்து முழுமையாக உணர்ந்து, அவ்விருவரையும் சுட்டுக் கொன்றுவிட்டு, தானே நடந்து சென்று அதிகாரிகளிடம் சரணடைகின்றான். தூக்குத் தண்டனை இருபது ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்படுகின்றது. பாபுன் சிறையிலேயே இறக்கின்றான். ஊர் தேய்ந்து, ஒவ்வொரு குடியாக அழிய, தனித்திருக்கும் புஞ்சி மெனிக்காவின் குடிசையையும் காடு வந்து மூடுகின்றது.

தெரிவுக்கு இட்ட வேலி

இக்கதையைப் படிக்கும் பலர் இது விதியின் கதை என்று கூறி முடித்துவிடுவர். காடே விதி; காட்டுக்கு முன் மனிதன் எம்மாத்திரம் என்பர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. காடு கதையின் தொடக்கத்திலும் அதே காடுதான். முடிவிலும் அதே காடுதான். தலைமுறை தலைமுறையாக அந்த ஊர் அக்காட்டின் நடுவே நிலைத்திருந்ததன்றோ? மனிதர் கைவிட்ட இடத்தையே காடு எடுத்துக்கொள்கின்றது. மனிதரைக் கைவிடச் செய்தது எது என்பதே கேள்வி.

இதனை விளங்கச் சேனைப் பயிர்ச்செய்கையை நோக்க வேண்டும். வன்னிப் பகுதியை அறிந்தவர்க்கு இது புதிதன்று. காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, மாரி மழையோடு குரக்கன் முதலியவற்றை விதைப்பர். ஓரிரு போகத்தின்பின் அந்நிலத்தை விட்டு வேறிடம் செல்வர். ஆனால் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை என்று கொண்டது. 1897 ஆம் ஆண்டின் தரிசுநிலக் கட்டளைச் சட்டம் அப்பிடியை மேலும் இறுக்கியது. அதனால், பாட்டன் வெட்டிய காட்டைப் பேரன் வெட்டுவதற்கு அரசின் அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. அச்சீட்டு யாருக்கு, எத்தனை ஏக்கருக்கு என்று கச்சேரிக்குச் சொல்பவன் ஊர்த் தலைமைக்காரன். விதைக்கும் உணவுக்கும் கடன் கொடுப்பவன் வெளியூர் வணிகன். விளைச்சல் களத்துக்கு வரும்போது கடன்காரனும் அங்கே வந்து நிற்பான்.

எனவே ஏழைக் குடியானவனுக்கு முன்னால் மூன்று கதவுகள்: அனுமதி, கடன், வழக்கு. மூன்றின் திறப்பும் பிறர் கையில். பாபேஹாமி ஒருவனைக் கெடுக்க விரும்பின் கத்தி எடுக்க வேண்டியதில்லை. சீட்டு வழங்காமல் விட்டாற் போதும். ஆங்கில ஆட்சியின் முழுப் பாரமும் அக்கிராமத்தில் ஒரு வெள்ளைக்காரனின் உருவில் வரவில்லை. ஒரு சொந்த ஊரானின் சிறு அதிகாரமாகவே வந்தது. ‘கெடுத்தவன் நம்மவன்தானே, ஆட்சியை ஏன் குறை கூற வேண்டும்?’ என்று கேட்போர்க்கு இதுவே விடை. கெடுக்கக் கூடிய கருவியை அவன் கையில் ஆட்சி கொடுத்தது. அதனைக் கெடுதற்கே பயன்படுத்தும் முடிவை அவன் எடுத்தான். இரண்டும் உண்மை.

மாந்தர் தெரிவுகள்

இனி, இவ்வேலிக்குள் அம்மாந்தர் எவற்றைத் தெரிந்தனர் என்று காண்போம்.

சிலிந்துவின் தெரிவு ஒதுங்கி வாழ்வது. மனிதரோடு கொடுக்கல் வாங்கல் இன்றிக் காட்டையே துணையாகக் கொண்டால் தன்னை எவரும் தீண்டார் என்று அவன் எண்ணினான். அவன் குற்றமற்றவன் என்றும் ஆசிரியர் காட்டவில்லை. ஆண்பிள்ளை பிறக்கவில்லை என்ற கோபத்தில், பிள்ளை பெற்ற மனைவியை அவன் அடித்ததும், அவள் சில நாட்களில் இறந்ததும் கதையின் தொடக்கத்திலேயே வருகின்றன. ஒதுங்கி வாழ்ந்தமையால் அவனுக்குத் துன்பம் வரும் நாளில் துணை நிற்க ஊரில் ஒருவரும் இல்லாமற் போயினர். ஒதுங்குதலும் ஒரு தெரிவே; அதற்கும் விலை உண்டு.

பாபுன், புஞ்சி மெனிக்கா இருவரின் தெரிவு அன்பு. அது நல்ல தெரிவு. பெர்னாந்தின் ஆசைக்கு இணங்க மறுத்ததும் நல்ல தெரிவே. ஆனால் நல்ல தெரிவு நல்ல பயனைத் தந்தே தீரும் என்று இந்நாவல் பொய்யுரை புகலவில்லை. அவர்கள் இணங்கியிருப்பின் சேனையும் கிடைத்திருக்கும், சிறையும் நேர்ந்திராது. மானத்தைக் காத்தனர், வாழ்வை இழந்தனர். எனினும் நூலைப் படித்து முடித்தபின் எமது நெஞ்சில் தலை நிமிர்ந்து நிற்பவர்கள் அவர்களேயன்றிப் பாபேஹாமி அல்லன்.

ஹின்னிஹாமியின் தெரிவோ இன்னும் அரியது. தந்தையின் உயிருக்காகத் தன்னைக் கொடுத்தாள், ஆனால் அடிமையாகிவிடவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தபின் தன் வழியே திரும்பினாள். வேறு கதவு எதுவும் இல்லாதபோதும், இருந்த ஒரே கதவின் வழியாகத் தானே நடந்து சென்றவள் அவள்.

சிலிந்துவின் இறுதித் தெரிவு துப்பாக்கி. காயம்பட்ட எருமை வேட்டைக்காரன்மேல் திரும்புவதுபோல அவன் திரும்பினான். அச்செயலின் நியாயத்தை உணரும் எவரும் அதன் பயனையும் உணர வேண்டும். பகைவர் இருவர் ஒழிந்தனர். ஆனால் பகைக்கு இடமளித்த முறை ஒழியவில்லை. மகளைக் காக்கச் செய்த செயலே மகளைத் தனியளாக்கியது. வன்முறையைக் கண்டித்துப் பேசாமலும் புகழ்ந்து பேசாமலும், அதன் கணக்கை மட்டும் நேர்மையாக எழுதிக் காட்டியமை இந்நூலின் பெருமை.

ஊராரின் தெரிவையும் மறத்தல் ஆகாது. மானைக் கல்லெறிந்தவர்களும் அவர்களே. பாபுன்மீது பொய் வழக்கு என்பதை அறிந்திருந்தும் வாய் திறவாதவர்களும் அவர்களே. அவர்களுக்கும் சீட்டு வேண்டும், அவர்களுக்கும் கடன் வேண்டும். ஆகவே அச்சம் கொண்டனர். ஆனால் சிலிந்துவின் குடும்பம் அழிந்தபின் அவர்கள் தழைத்தனரோ? இல்லை. ஊர் முழுவதும் அழிந்தது. அயலவன் கெடும்போது காக்கும் மௌனம் தன்னைக் காக்காது என்பதைப் பெத்தகமவின் முடிவைக் காட்டிலும் தெளிவாகக் கூற இயலாது.

நீதவானின் மேசை

இந்நாவலில் எமது உள்ளத்தை மிகவும் வருத்தும் பகுதி, கம்புறுப்பிட்டியில் நடக்கும் வழக்கேயாகும். நீதவான் வெள்ளைக்காரர், தீயவர் அல்லர். வழக்கு ஆங்கிலத்தில் நடக்க, மொழிபெயர்ப்பாளர் இடையில் நிற்கின்றார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்று கூறப்பட்டபோது, அஃது என்ன என்பதே எதிரிகளுக்கு விளங்கவில்லை. வெளிவராத ஏதோ ஒன்று இவ்வழக்கின் பின்னே இருக்கின்றது என்று நீதவானே உணர்கின்றார். உணர்ந்தும், மேசைமீது வைக்கப்பட்ட சாட்சியத்தின்படி தண்டிக்கின்றார்.

கதையில் வரும் மாந்தர் அனைவருள்ளும் மிகுந்த சுதந்திரத்தோடு தெரிவு செய்யக் கூடியவர் அவர் ஒருவரே. அவருக்குச் சேனைச் சீட்டு வேண்டியதில்லை, கடனும் இல்லை, தலைமைக்காரனின் அச்சமும் இல்லை. வழக்கை ஒத்திவைத்து, ஊருக்குச் சென்று விசாரிக்க அவரால் முடியும். கொலை நடந்தபின் அவரே அவ்வூருக்குச் செல்கின்றார். சிலிந்து யாருக்கும் தீங்கு நினையாது வாழ்ந்து, துரத்தப்பட்டுத் துரத்தப்பட்டு இந்நிலைக்கு வந்தவன் என்பதை அப்போது உணர்கின்றார். அந்தப் பயணம் ஒரு வழக்குக்கு முந்தியிருப்பின் நான்கு உயிர்கள் பிழைத்திருக்கும். ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியன் தன் பிழையை உணர்ந்து அக்கணமே உயிர் துறந்தான். இந்நீதவானோ மறுநாளும் தம் ஆசனத்தில் அமர வேண்டியவர். வூல்ஃப் தாமும் அத்தகைய ஆசனத்தில் இருந்தவராதலால், இப்பகுதியில் அவர் தம்மையே குற்றக்கூண்டில் நிறுத்தினார் என்று நாம் கொள்ளலாம்.

ஈண்டு ஓர் உண்மை வெளிப்படுகின்றது. மாந்தர் தம் தெரிவுகளே அவர்தம் கதியை ஆக்குகின்றன என்பது பாதி உண்மை. ஒருவரின் தெரிவு மற்றொருவரின் ஊழாகின்றது என்பதே முழு உண்மை. பாபேஹாமியின் தெரிவு பாபுனின் ஊழாயிற்று; நீதவானின் தெரிவு புஞ்சி மெனிக்காவின் ஊழாயிற்று. வலியோன் எளிதாகச் செய்யும் சிறு தெரிவு, எளியோன் தலையில் மலையாக விழுகின்றது.

பிற நாட்டு நாவல்கள்

நைஜீரியாவின் சினுவா அச்சிபே 1958 இல் வெளியிட்ட ‘திங்ஸ் ஃபோல் அப்பாட்’ என்னும் நாவலை இதனோடு ஒப்பிடுதல் பயன் தரும். அதன் தலைவன் ஒகொன்க்வோ, சிலிந்துவைப் போல ஒதுங்கியவன் அல்லன். ஊரின் முன்னணி வீரன். கோழை எனப் பெயர் எடுக்கக் கூடாது என்னும் ஒரே அச்சத்தால், தன்னைத் தந்தை என்று அழைத்த சிறுவனைத் தானே வெட்டுகின்றான். ஆங்கில ஆட்சி வந்தபின் அதன் ஏவலாளனை வெட்டுகின்றான். ஊர் தன்னைப் பின்தொடராது எனக் கண்டு தூக்கிட்டு இறக்கின்றான். அவன் அழிவில் அவன் இயல்புக்கும் பங்குண்டு, அந்நிய ஆட்சிக்கும் பங்குண்டு. முடிவில் ஆங்கில அதிகாரி, தாம் எழுதப்போகும் நூலில் இவனுக்கு ஒரு பந்தி ஒதுக்கலாம் என்று எண்ணிச் செல்கின்றார். அத்தகைய அதிகாரி ஒருவர் ஒரு பந்தியோடு நில்லாது, முழு நூலையே ஒரு சிலிந்துவுக்கு அளித்ததே வூல்ஃபின் நாவல் எனலாம்.

தமிழ் மக்கள் வாழ்வைப் பற்றியும் இவ்வகையில் ஒரு நூல் உண்டு. டாக்டர் பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969 இல் வெளியான ‘ரெட் டீ’, பின்னர் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் வந்தது. திருநெல்வேலிச் சீமையின் வறுமையிலிருந்து கறுப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு ஆனைமலைத் தேயிலைத் தோட்டம் செல்கின்றனர். முன்பணம் பெற்றது அவர்கள் தெரிவு. ஆனால் பசித்தவன் முன் நீட்டப்பட்ட பணத்தை எவ்வளவு தூரம் தெரிவு என்று கூறலாம்? எமது மலையகத் தோட்டங்களுக்கு வந்தோரின் வரலாறும் இதுவேயன்றோ!

நமக்குரிய பாடம்

காடு குடியிருப்பை மூடுதல் என்பது தென்மராட்சி மக்களுக்கு நாவலில் மட்டும் படித்த செய்தியன்று. 2000 ஆம் ஆண்டின் போரில் ஊர் பெயர்ந்து சென்றவர்கள், 2002 ஆம் ஆண்டின் போர் நிறுத்தத்துக்குப் பின் மீண்டபோது, பற்றையை வெட்டியே வளவின் எல்லையைக் காண வேண்டியிருந்தது. பெத்தகம மீளவில்லை, நாம் மீண்டோம். மீண்டமைக்குக் காரணம், அயலவர் அயலவரைக் கைவிடாமையே. வேலிக்குள் நின்றும் மக்கள் ஒருவருக்கொருவர் துணையாகத் தெரிவு செய்யின், ஊழின் பிடி சற்றே தளரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

எமது கல்லூரியின் பழைய மாணவருட் பலர் அரச பணியிலும், நீதிமன்றங்களிலும், ஆசிரியத் தொழிலிலும், வங்கிகளிலும் கடமை புரிந்தவர்கள், இன்றும் புரிபவர்கள். தலைமைக்காரர் முறை 1963 இல் ஒழிந்து, கிராம சேவகர் முறை வந்தது. ஆங்கில நீதவானும் போயினார். ஆனால் மேசையும், அதன்மேல் ஒரு விண்ணப்பமும், அதற்கு முன் பேச அஞ்சி நிற்கும் ஓர் ஏழையும் இன்னும் உள்ளனர். கையொப்பமிடும் பேனை இன்று எம் கையில் இருக்கின்றது. இந்நாவலில் நம்மைச் சிலிந்துவாக எண்ணி இரங்குதல் எளிது. பாபேஹாமியாகவும் நீதவானாகவும் எண்ணி அஞ்சுதல் அரிது. கற்றோர்க்கு வேண்டுவது அவ்வரிய வாசிப்பே.

மாணவர்களே, இந்நூலைத் தேடிப் படியுங்கள். தேர்வுக்காகக் குணசித்திரங்களை வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடாது, ஒவ்வொரு மாந்தரும் ஒரு முடிவை எடுக்கும் இடத்தில் சற்றே நின்று, அவர் முன் எத்தனை கதவுகள் திறந்திருந்தன என்று எண்ணிப் பாருங்கள். பின்னர், உங்கள் முன் திறந்திருக்கும் கதவுகளையும் எண்ணுங்கள். அவற்றைத் திறந்து தந்தவர் பெற்றோரும் ஆசிரியரும் இக்கல்லூரியுமாவர். திறந்த கதவு மிகுந்தோர்க்குப் பொறுப்பும் மிகுதி. பிறர்க்கு நல்லூழாக அமையக் கூடிய தெரிவுகளை எம்மவர் செய்வாராயின், இக்கல்லூரி பெற்ற பேறு அதுவேயாகும்.